கேமராவுக்காகக் கொடுத்த சீட்

ஆவணப்படம் என்றால் இருப்பதை இருக்கிறபடி எடுப்பது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே லிப்ஸ்டிக் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

என்னிடம் இல்லை. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். தலையில் வலைத் தொப்பி, முகத்தில் மாஸ்க், காலில் ஒரு சைஸ் பெரிதான சேஃப்டி ஷூ. மாஸ்க்குக்குள் லிப்ஸ்டிக் போட்டு யாருக்குக் காட்டுவது? ஆனால் பெங்களூரிலிருந்து வந்திருந்த இயக்குநர் மேடம் விடவில்லை. திருநங்கை கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொள்ளும் ஷாட் இல்லாமல் படத்தைத் தொடங்க முடியாது என்றார். மூக்கண்டப்பள்ளியில் நான் இருக்கும் அறையில் கண்ணாடி உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கிறது. அதில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணைத்தான் பார்க்க முடியும். கடைசியில் வீட்டுக்கார அம்மாவின் கண்ணாடி வைத்த பீரோவை நாலு பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினோம்.

மேடத்தைக் கம்பெனி விழா ஒன்றில் சந்தித்தேன். அங்கே வீடியோ எடுக்க வந்தவர், சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நின்றார். பேச்சுவாக்கில் நான் மூன்று வருஷமாகக் கல்லூரியில் சேர அலைகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இது படம், இது படம் என்று கன்னடத்தில் இரண்டு தடவை சொன்னார். எனக்கும் கன்னடம் வரும். இந்தப் பக்கம் யாருக்குத்தான் வராது? எனக்குச் சாம்பார் ஆறிப்போகிறதே என்பதுதான் கவலையாக இருந்தது.

அலைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ வரைக்கும் பையன் பெயரில் படித்தேன். மார்க் ஷீட்டில் இன்னும் அந்தப் பையன்தான் இருக்கிறான், கணக்கில் நல்ல மதிப்பெண்ணோடு. அப்புறம் வீட்டை விட்டு வந்தேன், நானாக ஆனேன், அடையாள அட்டை வாங்கினேன், பெயரை அரசிதழில் மாற்றினேன். இதெல்லாம் முடிந்ததும் புள்ளியியல் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் நாங்கள் அளந்து எழுதுவதை வைத்து மேலே ஒருவர் வளைகோடு போட்டு, இந்த மெஷின் நாளைக்குத் தப்புப் பண்ணும் என்று இன்றைக்கே சொல்வார். சொன்னபடியே அது தப்புப் பண்ணும். ஜோசியக்காரன் கூட அவ்வளவு சரியாகச் சொல்ல மாட்டான். அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு டிகிரி வேண்டும்.

முதல் வருஷம் கல்லூரிக்குப் போனபோது அலுவலகத்தில் கிளார்க் என் மார்க் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சர்ட்டிபிகேட்டில் இருக்கிற பையனை நேரில் கூட்டி வரச் சொன்னார். நான்தான் அது என்றேன். அதெல்லாம் முடியாது, ஆளைக் கூட்டி வா என்றார். எங்கிருந்து கூட்டி வருவது? அடுத்த வருஷம் அரசிதழையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி மாற்றுச் சான்றிதழையும் இதே பெயரில் வாங்கி வா என்றார். பள்ளிக்கூடத்தில் கேட்டால், படித்துவிட்டுப் போனவர்களுக்குத் திருத்தம் போட எங்களுக்கு அதிகாரமில்லை, மேலே எழுதிப் போடு என்றார்கள். எழுதிப் போட்டேன். அந்தக் கடிதம் எந்த மேஜையில் எந்தக் கோப்புக்கு அடியில் தூங்குகிறதோ, இன்றுவரை பதில் இல்லை.

மூன்றாவது வருஷம்தான் உச்சம். அந்த டிசி தவிர மற்றப் பேப்பரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, கிளாஸ்ல பொண்ணுங்க ஒரு பக்கம், பசங்க ஒரு பக்கம். உன்ன எங்க உக்கார வெக்கிறது?"

நடுவில் நடக்கிற பாதையில் ஒரு ஸ்டூல் போடுங்கள் என்றேன். வாய்க் கொழுப்பு என்று துரத்திவிட்டார். வாய்க் கொழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறினால் யார் பக்கத்தில் உட்காருவது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

எங்கள் கம்பெனியில் நல்ல பாகம் பச்சைப் பெட்டிக்குப் போகும், கெட்டது சிவப்புப் பெட்டிக்கு. இரண்டும் இல்லாததற்கு ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. அதற்கு ஹோல்டு என்று பெயர். பெரியவர்கள் வந்து முடிவு சொல்லும்வரை அது அங்கேயே கிடக்கும். சில பாகங்கள் துருப்பிடிக்கும்வரை கிடக்கும். நான் மூன்று வருஷம் அந்தக் கிளார்க்கின் மஞ்சள் பெட்டியில் கிடந்தேன்.

நாலாவது தடவை கேமராவோடு போகலாம் என்று மேடம் முடிவு செய்தார். கிளார்க் மறுபடியும் துரத்துவார், அதைப் படம் பிடிப்போம், அதுதான் படத்தின் உச்சகட்டம் என்று அவர் கணக்கு. துரத்தாவிட்டால் என்று கேட்டேன். துரத்துவார், மூன்று தடவை துரத்தியவர் இல்லையா என்றார். என்னைவிட அவருக்கு அந்தக் கிளார்க் மேல் நம்பிக்கை அதிகம்.

அதற்கு முன்னால் ஒரு வாரம் மற்ற ஷாட்டுகள் எடுத்தார்கள். பட்டுப்புடவையில் மேம்பாலத்து மேல் சாயங்கால வெயிலில் நடந்தேன். வாழ்க்கையில் நான் அந்தப் பாலத்தில் நடந்ததே இல்லை, அங்கே நடக்க இடமும் இல்லை. ஷிப்ட் முடிந்து போன கம்பெனி பஸ்ஸிலிருந்து எங்கள் லைன் பெண்கள் கையாட்டிக் கூப்பாடு போட்டார்கள். பிறகு கடைத்தெருவில் கை தட்டச் சொன்னார்கள். நான் கடை கடையாகக் காசு கேட்டுப் போனதில்லை, அந்தத் தட்டும் எனக்கு வராது. அது சும்மா வராது, அதற்கென்று பழக்கம் வேண்டும். நான் தட்டியது கொசு அடிக்கிற மாதிரி இருந்ததாம். பத்துத் தடவை தட்டியும் தேறவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் படம் ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் தலைக்குக் குளித்து, நகை போட்டுக்கொண்டு படிக்கட்டில் நிற்பார். என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, தெலுங்கில் கால் மணி நேரம் தண்ணி லாரிக்காரன் ஏமாற்றுவதைப் பற்றிப் பேசினார். நடுவில் ஒரே ஒரு இடத்தில், இந்தப் பொண்ணு வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்துவிடும், குழாயை மூடாமல் விடாது என்றார். அதைப் படத்தில் வைக்கவில்லை. எனக்கு அதுதான் இருக்க வேண்டும் என்று ஆசை.

ஊருக்குப் போய் அம்மாவை எடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். எங்கள் ஊர் பேரிகைக்குப் பக்கம். அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலிலிருந்து எனக்குப் போன் செய்வார், அப்பாவுக்குத் தெரியாமல். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ மட்டும் வர்றதுன்னா வா சாமி. அவங்கள்லாம் எதுக்கு?"

ஐந்து வருஷத்தில் வா என்று அம்மா சொன்னது அதுதான் முதல் தடவை. இதைக் கேட்டதும் மேடத்தின் கண் கலங்கிவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொல்ல முடியுமா என்றார். எனக்கு வந்த கோபத்தில் பட்டுப்புடவையை அங்கேயே அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கார அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ஷூட்டிங் அத்தோடு சரி. அடுத்த நாள் அவரே வந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷிதான். படம் என்று வந்துவிட்டால்தான் புத்தி மாறிவிடும்.

கல்லூரிக்குப் போகிற நாள் வந்தது. அனுமதி கேட்டு முதல்வருக்கு எழுதிய கடிதத்தில், உயர்கல்வியில் திருநங்கைகள் பற்றிய படம், தங்கள் கல்லூரியின் சேர்க்கை நடைமுறையைப் பதிவு செய்ய விரும்புகிறோம் என்று மேடம் மரியாதையாக எழுதியிருந்தார். அங்கேதான் தப்பு நடந்தது. மேடத்துக்கு எங்கள் ஊர் ஆபீஸ்களைத் தெரியாது. நம் பக்கம் ஒரு அதிகாரிக்குக் கேமரா எதற்கு வரும் என்று கேட்டால், அவர் யாருக்காவது எதையாவது கொடுப்பதைப் படம் பிடிக்க வரும். தையல் மெஷின், மூன்று சக்கர வண்டி, மரக்கன்று, எதுவானாலும் சரி. கொடுக்கிறவர் ஒரு முனையைப் பிடிப்பார், வாங்குகிறவர் மறு முனையைப் பிடிப்பார், இரண்டு பேரும் பொருளைப் பார்க்காமல் லென்ஸைப் பார்ப்பார்கள். கேமரா முன்னால் முடியாது போ என்று சொல்வது எப்படி என்று எந்த ஆபீசுக்கும் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் கோலம் போட்டிருந்தது. முதல்வர் வராந்தாவுக்கே வந்து கும்பிட்டார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஏற்கெனவே டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளார்க் அன்று காலைதான் தலைக்கு டை அடித்திருந்தார், காது மடலில் கறுப்பு ஒட்டியிருந்தது. மேடம் கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் என்னைப் பார்த்தார். நான் கோலத்தைப் பார்த்தேன்.

கிளார்க் எழுந்து நின்றார். மூன்று வருஷமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை, இவ்வளவு குள்ளம் என்றே தெரியாது. "வாம்மா, உக்காரும்மா" என்றார். மூன்று வருஷம் ஏம்ப்பா என்று கூப்பிட்ட அதே வாய்.

மேடம் சும்மா இருக்கவில்லை. முன்பு என்ன சொன்னீர்களோ அதையே சொல்லுங்கள் சார், சங்கடப்பட வேண்டாம் என்று தனக்குத் தெரிந்த தமிழில் எடுத்துக் கொடுத்தார். நான் எப்போது மேடம் சொன்னேன் என்றார் கிளார்க். எங்கள் கல்லூரியில் எல்லோரும் சமம் என்று லென்ஸைப் பார்த்துச் சொன்னார். சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். பிறகு பதிவேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார், புதுப் பெயரை. சேர்க்கைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் நன்றாக அமுக்கி, ஓங்கிக் குத்தினார்.

நான் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா மை, கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது, மை கலைந்துவிடும் என்று தொடவில்லை.

அப்புறம் சீட்டைக் கொடுக்கும் படலம். கிளார்க் ஒரு முனை, நான் ஒரு முனை. முதல்வர் வந்து நடுவில் கை வைத்தார். துறைத் தலைவர் ஒரு விரல் வைத்தார். பியூன் கூட ஓடி வந்து ஓரத்தைப் பிடித்தார். ஒரு சின்னத் தாளை இத்தனை பேர் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? கிழிந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. பத்திரிகைக்காரர் சிரிக்கச் சொன்னார். யாரோ பச்சை ஜரிகைச் சால்வை ஒன்றைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கேமராவை மடக்கி வண்டியில் ஏற்றும்போது கிளார்க் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டார். குரல் பழையபடி இறங்கியிருந்தது.

"அந்தச் சீட்ட இப்படிக் குடுத்துட்டுப் போ. படத்துக்குத்தான போட்டது. டிசி சரியாகி வரட்டும், அப்பறம் ஒரிஜினலா போட்டுக்கலாம்."

கொடுத்துவிட்டால் இன்னொரு வருஷம். பிடுங்கிக்கொண்டு ஓடலாம், பட்டுப்புடவையோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? முன்பு வாய்க் கொழுப்பால் கெட்ட காரியம், இந்தத் தடவை வாயை அடக்கினேன். நாளைக்குப் பேப்பரில் வந்ததும் கொண்டுவந்து தருகிறேன் சார், அதுவரைக்கும் நிருபர் கேட்டால் காட்ட வேண்டுமே என்று பணிவாகச் சொன்னேன். சால்வையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக நடந்து வந்து வண்டியில் உட்கார்ந்தேன். சீட்டு ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் முதல்வர் படம் பெரிதாக, என் படம் பாதியாக வந்தது. முதல்வர் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருந்தார். ஒட்டியது கிளார்க்கேதான். நான் போனதும் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். திருத்திய சான்றிதழை ஆறு மாதத்தில் ஒப்படைப்பேன் என்று ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்றார்.

ஒரு வெள்ளைத் தாள், அதில் நாலு வரி. இதைத்தான் மூன்று வருஷம் முன்னால் முதல் நாளே கேட்டிருக்கலாம். அதை எழுதும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, எரிச்சலில். எழுத்துக் கோணியது. கிளார்க் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். குடிக்கவில்லை.

மேடம் என் கையைப் பிடித்து வாழ்த்தினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஆனால் படத்துக்கு உச்சகட்டம் போய்விட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு தடவை உட்கார முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பொய் இல்லையா என்றேன். மூன்று தடவை நடந்ததுதானே, அப்போது கேமரா இல்லை, அவ்வளவுதான் என்றார். அது சரிதான். துரத்தியது நிஜம், அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்த அந்தச் சால்வை நாடகம்தான் பொய், அதில்தான் எனக்கு சீட் கிடைத்தது. இதை யோசித்தால் தலை சுற்றும், அதனால் போய் உட்கார்ந்தேன்.

அழுகை வரவில்லை. உறுதிமொழி எழுதிய அன்றைக்குக் கேமரா வந்திருந்தால் வாளி வாளியாக எடுத்திருக்கலாம் என்றேன். அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்த மேடம், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்குள் உள்ளேயிருந்து வாட்ச்மேன் ஓடி வந்து, இன்றைக்கு லீவு, அழாதே, நாளைக்கு வா, நான் உள்ளே விடுகிறேன் என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, முதுகுப் பக்கமிருந்து எடுத்தார்கள்.

படத்தைப் பெங்களூரில் திரையிட்டபோது எனக்கு முதல் செமஸ்டர் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை புள்ளியியல் பரீட்சை. வர முடியாது என்றதற்கு, ஐந்து நிமிஷம் வந்து தலை காட்டிவிட்டுப் போங்கள் என்று மேடம் கெஞ்சினார். சுடிதாரும் பையுமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் பாலம், புடவை, பூட்டிய கேட், என் முதுகு, பின்னால் ஒரு வயலின். பக்கத்தில் இருந்த அம்மாள் விசும்பி விசும்பி அழுதுகொண்டே, பாவம், அந்தப் பொண்ணுக்குக் கடைசிவரை இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று கன்னடத்தில் என்னிடமே சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் மடியில் பார்முலா எழுதிய நோட்டு இருந்தது, விளக்கை அணைத்துவிட்டதால் படிக்க முடியவில்லை.

விளக்கு வந்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இப்போது படிக்கிறேன் என்று மேடம் சொன்னதும் ஒரு கைதட்டல். உங்களுக்கு நாங்கள் என்ன உதவி செய்யலாம் என்று முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார். மைக்கைக் கையில் வாங்கினேன்.

"நாளைக்குக் காலையில எனக்குப் பரீட்சைங்க. இப்பக் கெளம்பலைன்னா சில்க் போர்டு டிராபிக்ல மாட்டிக்குவேன். கொஞ்சம் வழி விட்டீங்கன்னா போதும்."

மேடம் அதை மொழிபெயர்த்தார். சிரித்தார்கள், எழுந்து நின்று தட்டினார்கள், தட்டிக்கொண்டே பாதையில் வந்து நின்றுகொண்டார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். வழி மட்டும் யாரும் விடவில்லை. நான் சொன்னதை அவர்கள் வசனம் என்று நினைத்துவிட்டார்கள். கடைசியில் மேடம்தான் ஆட்களை முழங்கையால் தள்ளி, என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கேமராக்காரரின் பைக்கில் ஏற்றிவிட்டார். ஹெல்மெட்டையும் அவரே என் தலையில் மாட்டிவிட்டார்.

காலையில் பரீட்சை அறையில் என் எண் ஒட்டிய பெஞ்சு ஜன்னல் ஓரம் இருந்தது. பக்கத்தில் ஒரு பையன், முன்னால் ஒரு பெண். பரீட்சை எண் வரிசைக்கு ஆண் பக்கமும் தெரியாது, பெண் பக்கமும் தெரியாது. வினாத்தாள் கொடுத்ததும் அறையில் எல்லாத் தலையும் குனிந்தது. நான் மட்டும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தரும் பார்க்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. பேனாவைத் திறந்து முதல் கணக்கைப் போட ஆரம்பித்தேன்.